பேச்சியம்மாளின் நூறு

எங்கள் நிலையத்தில் பசியைக் குப்பியில் அடைத்து, சான்றிதழ் ஒட்டி, மாநிலம் முழுவதற்கும் அனுப்புகிறோம். ரேஷன் கடைகளில் இருக்கும் பசிமானிகள் சரியாக அளக்க வேண்டுமென்றால் அவற்றுக்கு ஒரு நிச்சயமான பசியைக் காட்டியாக வேண்டும். தராசுக்குப் படிக்கல் மாதிரி. மாதம் பிறந்ததும் கடைக்காரர் எங்கள் குப்பியின் கழுத்தை உடைத்துக் கருவியின் வாயில் கவிழ்ப்பார். முள் நூறில் போய் நிற்க வேண்டும். நிற்கவில்லையென்றால் பின்பக்கத் திருகைத் திருகி நிற்க வைப்பார். அதற்குப் பிறகுதான் அட்டைதாரர்கள் வரிசையாக வந்து கருவியில் வயிற்றை ஒட்டிக்கொண்டு நிற்பார்கள். முள் எவ்வளவு காட்டுகிறதோ அவ்வளவு அரிசி. கருவிக்கு வேண்டியவர், வேண்டாதவர் என்று கிடையாது. இதைச் சட்டசபையில் சொன்னபோது எல்லோரும் மேசையைத் தட்டினார்கள்.

குப்பிகள் இரண்டு வகை. சைபர் குப்பி, நூறு குப்பி. சைபரை எங்கள் இயக்குநர் டாக்டர் குலோத்துங்கனிடமிருந்து எடுப்போம். மத்தியானம் சாப்பிட்டு, பீடா போட்டு, நாற்காலியில் சாய்ந்து அவர் ஏப்பம் விடும் நேரத்தில் குழாயைப் பொருத்தினால் துளிப் பசி கலக்காத சைபர் கிடைக்கும். அதற்குத் தட்டுப்பாடே வந்ததில்லை.

நூறைப் பேச்சியம்மாளிடமிருந்து எடுப்போம். உப்பளத்தில் வேலை பார்த்தவர். நிலையம் தொடங்கிய காலத்தில் பல ஊர்களிலிருந்து ஆட்களை அழைத்து வந்து சோதித்தார்கள். சிலருடைய பசி காலையில் ஒன்றும் சாயங்காலத்தில் ஒன்றுமாக இருந்தது. சிலருடைய பசியில் கோபம் கலந்திருந்தது. ஒருவருடைய பசியில் மூன்று முறை வடிகட்டியும் பிரியாணி வாசனை போகவில்லை. பேச்சியம்மாளிடம், எதை நினைத்துப் பசிக்கிறது என்று கேட்டார்கள்.

"எதையும் நெனைக்கல ஐயா. சும்மா பசிக்கி" என்றார்.

அந்தப் பதிலுக்காகவே அவரை எடுத்தார்கள். அரசு வேலை. பதவியின் பெயர் தரப்பொருள். கழுத்தில் மாட்டிக்கொள்ள அடையாள அட்டையும் வருஷத்துக்கு இரண்டு சேலையும் உண்டு. சம்பளம் மட்டும் தலைமை அலுவலகத்தில் ஃபைலாக இருந்தது. காலையில் வந்து ஸ்டீல் நாற்காலியில் உட்கார்ந்து பசிக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. பசி கூடாமலும் குறையாமலும் இருப்பதற்காக நிலையமே ஒரு கிண்ணம் கஞ்சி அளந்து கொடுக்கும். அதற்கு மேல் ஒரு முறுக்கைக் கடித்தாலும் மெமோ.

பேச்சியம்மாள் உட்காரும் அறைக்கு நான்தான் பொறுப்பு. என் பெயர் தெய்வசிகாமணி, முதுநிலை அறிவியல் அலுவலர். அறைக்குள் போகிற யாரும் வெறும் வயிற்றோடு போகக் கூடாது என்பது எங்கள் கண்டிப்பான விதி. நம்முடைய பசி ஒரு துளி அவருடைய பசியில் விழுந்தாலும் அந்தத் தடவை பிடித்த முழுத் தொகுதியும் கெட்டுவிடும். அதனால் வாசலிலேயே ஒரு மேசை போட்டிருக்கும். பொங்கலும் வடையும் சாப்பிட்டு, வாயைக் கொப்பளித்து, பசியில்லை என்று கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போவோம். கதவு கண்ணாடிக் கதவு. பேச்சியம்மாள் மரியாதை தெரிந்தவர். நாங்கள் சாப்பிடும்போது சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார்.

விலா எலும்புக்குக் கீழே குழாயை வைத்தால் பசி மெல்ல இறங்கும். அரிசி களைந்த தண்ணீரின் நிறம். பெரிய ஜாடியில் பிடித்து, நாள் முழுக்கக் குலுக்கி, எல்லாக் குப்பிகளிலும் ஒரே பசி இருக்கும்படி நிரப்பி, தீயில் வாயை மூடுவோம். பிறகு சிலவற்றை வெயிலில் வைத்துப் பார்ப்போம், சிலவற்றை லாரியில் ஏற்றி ஊர் சுற்ற விட்டுத் திரும்ப அளப்போம். ஒருமுறை வழியில் ஒரு குப்பி உடைந்து, டிரைவரும் கிளீனரும் ஒரு ஹோட்டலில் இருந்த பரோட்டா முழுவதையும் தின்றுவிட்டு, மாவு பிசைகிறவருடைய கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்களாம். மற்ற ஆய்வகங்களுக்கும் குப்பிகளை அனுப்பி அளக்கச் சொல்வோம். எல்லா மதிப்புகளும் ஒத்துப்போகும். ஓர் ஆய்வகம் மட்டும் எப்போதும் இரண்டு மடங்காக எழுதி அனுப்பும். ஒத்துப்போகாத மதிப்பை நீக்கிவிட வேண்டும் என்பதால் நீக்கிவிடுவோம். அந்த ஆய்வகத்தில் கேன்டீன் கிடையாது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பேச்சியம்மாளுக்கு எவ்வளவு பசிக்கிறதோ அதற்குப் பெயர்தான் நூறு. அது கூடினாலும் நூறு, குறைந்தாலும் நூறு. துணிக்கடையில் முழக்கோலை நீளமாகச் செய்துவிட்டால் அதே துணி குறைவாகத் தெரியும். அப்படித்தான் இதுவும்.

அந்த வருஷம் மழைக்காலத்தில் பேச்சியம்மாளுக்கு டைஃபாய்டு வந்தது. காய்ச்சல் விட்டதும் ஒரு பசி வருமே, ஆளையே தின்றுவிடுகிற மாதிரி, அது வந்தது. கஞ்சிக் கிண்ணம் பழைய கிண்ணம்தான். தொகுதியைத் தள்ளிப்போட முடியாது, கடைகள் காத்திருந்தன. அதையே எடுத்து நிரப்பி, நூறு என்று ஒட்டி அனுப்பிவிட்டோம். கடைக்காரர்கள் திருகைத் திருகினார்கள். அதற்கு முந்தின மாதம் எழுபது காட்டிய வயிறுகள் எல்லாம் நாற்பது காட்டின.

மாநிலத்தில் பசி குறைந்துவிட்டது. செய்தித்தாள்களில் வரைபடம் போட்டார்கள். இயக்குநருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அந்தப் பொன்னாடையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டே அவர் என் அறைக்கு வந்தார்.

"தெய்வசிகாமணி, இந்த பேட்ச் பிரமாதம். என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணலை சார். அந்தம்மாவுக்கு உடம்பு சரியில்லாம போச்சு. பசி ஜாஸ்தியாயிடுச்சு."

"ஜாஸ்தின்னு சொல்லாதீங்க. தூய்மைன்னு சொல்லுங்க" என்றார். பொன்னாடையின் ஜரிகையைத் தடவிப் பார்த்தார். "கஞ்சியில பருக்கை கிடக்குதே, அது அசுத்தம்தானே? எடுத்துருங்க."

பருக்கையை எடுத்துவிட்டோம். அதற்கடுத்த தொகுதிக்கு உப்பையும் எடுத்தோம். கடைசியில் கஞ்சி வடித்த பானையைக் கழுவிய தண்ணீர் கிண்ணத்தில் வந்தது. ஒவ்வொரு தொகுதிக்கும் பேச்சியம்மாளின் நூறு பெரிதாகிக்கொண்டே போனது, மாநிலத்தின் பசி குறைந்துகொண்டே வந்தது. ஊரையெல்லாம் சாப்பிட வைப்பதற்குப் பதிலாக ஒரு பெண்பிள்ளையைப் பட்டினி போட்டால் போதும் என்பது இயக்குநருக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும். எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. வயிற்றெரிச்சலை அளக்கிற கருவி எங்களிடம் இல்லை. பொங்கலைச் சாப்பிட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

பேச்சியம்மாளுக்கு ஒரே மகள், சந்தனமாரி. அவளும் உப்பளத்தில்தான் இருந்தாள். கையில் பால்குடிக்கிற பிள்ளை. ஒருநாள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நிலையத்துக்கு வந்துவிட்டாள். பார்வையாளர்களுக்குப் பிஸ்கட் கொடுத்துச் சாப்பிட வைத்துத்தான் உள்ளே விடுவோம். அவள் பிஸ்கட்டைச் சாப்பிடாமல் முந்தானையில் முடிந்துகொண்டாள். அதனால் கண்ணாடிக் கதவுக்கு வெளியிலேயே நின்று பேச வேண்டியதாயிற்று.

"எம்மா, கடையில எனக்கு ஒம்பது காட்டுது. மாசத்துக்கே ஒம்பது கை அரிசிதான் போட்டாவ. பாலே ஊறல. பிள்ள ராத்திரியெல்லாம் சப்பிச் சப்பிப் பாத்துட்டு அழுது."

"முள்ளு பொய் சொல்லாதுட்டி" என்றார் பேச்சியம்மாள். அவர் அரசு ஊழியர்.

"பொய் சொல்லுதுன்னு யாரு சொன்னா? நீ கெடந்து இப்படிப் பசிச்சா எனக்கு எப்படிம்மா பசிக்கும்? கொஞ்சம் சாப்பிடும்மா. நீ சாப்பிட்டாத்தான் எனக்கு அரிசி போடுவாவ."

"நான் எப்படிட்டி திங்க முடியும்? மெமோ குடுத்துருவாவ."

சந்தனமாரி கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள். பிள்ளை தூங்கவுமில்லை, அழவுமில்லை. பிறகு போய்விட்டாள். அவள் நெற்றி பட்ட இடத்தை உதவியாளர் துடைத்தார்.

கொஞ்ச நேரம் கழித்துப் பேச்சியம்மாள் என்னைக் கூப்பிட்டார். இத்தனை வருஷத்தில் அவராக என்னை அழைத்தது அதுதான் முதல் தடவை.

"சார், ஒரு வாய் சோறு தாங்க. எனக்குன்னு கேக்கல. முள்ளுக்காகக் கேக்கேன்."

அறைக்கதவைச் சாத்திவிட்டு என் டிபன் பாக்ஸைத் திறந்து அவர் மடியில் வைத்தேன். புளிச்சோறும் அவித்த முட்டையும். அவர் உருட்டி உருட்டிச் சாப்பிட்டார். காலிப் பாத்திரத்தை என்னிடம் கொடுத்துவிட்டு வயிற்றின் மேல் கையை வைத்துக் காது கொடுத்துக் கேட்டார்.

"விழுந்த சத்தமே கேக்கல சார்."

குழாயை வைத்துப் பார்த்தேன். முள் ஒரு மயிரிழைகூட இறங்கவில்லை. மற்றவர்களின் டிபன் பாக்ஸ்களையும் வாங்கி வந்தேன். சப்பாத்தி, தயிர்சாதம், யாரோ வைத்திருந்த ஆடிக்கூழ் எல்லாம் உள்ளே போயின. ஒன்றும் நடக்கவில்லை. பசி அவரைவிடப் பெரிதாகிவிட்டிருந்தது. அவர் சாப்பிடுவது இனி அதைப் போய்ச் சேராது. ஒரு பெரிய கல்யாண மண்டபத்தில் இரண்டு பேரை உட்கார வைத்த மாதிரி, சோறு எங்கோ ஒரு மூலையில் கிடந்திருக்கும்.

"சரி, விடுங்க சார். எம்மகளுக்கு அரிசி இல்லன்னு ஆயிட்டு" என்றார். அதற்குப் பிறகு அவர் எதுவும் கேட்கவில்லை.

அடுத்த தொகுதி எடுக்கும்போது நாற்காலியிலேயே இறந்துபோனார். குழாய் ஓடிக்கொண்டிருந்ததால் ஜாடி நிரம்பும்வரை காத்திருந்தோம். நிலையத்தின் செலவில் மாலை வாங்கி, உடலை வேனில் ஏற்றி, உப்பளத்துக்கு அனுப்பி வைத்தோம். இயக்குநர் வேன் வாசலைத் தாண்டும்வரை தலைகுனிந்து நின்றார்.

மறுநாள் பேச்சியம்மாளின் பசி வழக்கம்போல வேலைக்கு வந்தது.

மணி அடிப்பதற்கு முன்பே வந்து வருகைப் பதிவில் கைநாட்டு வைத்துவிட்டு ஸ்டீல் நாற்காலியில் உட்கார்ந்தது. பேச்சியம்மாளின் உயரம், அவருடைய நடை. முகத்தில் வாய் மட்டும் இல்லை. நாங்கள் வாசலில் பொங்கல் சாப்பிட்டபோது அது சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டது. கஞ்சிக் கிண்ணம் இனிமேல் தேவையில்லை என்று சமையல்கூடத்துக்குச் சொல்லி அனுப்பினேன்.

எங்கள் தொழிலில் இப்படி ஒரு பொருள் கிடைப்பதே அபூர்வம் என்றார் இயக்குநர். உயிரோடிருப்பவர்களின் பசி கூடும், குறையும், தூங்கும். இது எதுவும் செய்யவில்லை. வெயிலில் வைத்தோம், மாறவில்லை. ஐஸில் வைத்தோம், மாறவில்லை. லாரியில் ஏற்றிச் சுற்றினோம், இறங்கி வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டது. சான்றிதழில் காலாவதியாகும் தேதி எழுதும் இடத்தை முதல்முறையாகக் காலியாக விட்டோம். இரண்டு மடங்காக எழுதும் ஆய்வகம் இந்தத் தடவை எதுவுமே எழுதவில்லை. குப்பியை மட்டும் திறக்காமல் திருப்பி அனுப்பியிருந்தது.

புது நூறு கடைகளுக்குப் போனது. அதற்குப் பிறகு யார் வயிற்றை ஒட்டிக்கொண்டு நின்றாலும் முள் சைபரில் கிடந்தது. இறந்தவருடைய பசிக்கு முன்னால் உயிரோடிருப்பவர்களின் பசி எந்த மூலைக்கு? கடைக்காரர்கள் காலையில் கடையைத் திறந்து, எல்லோருக்கும் சைபர் போட்டு, பூட்டிக்கொண்டு போனார்கள். பசி ஒழிந்த நாளுக்குப் பள்ளிக்கூடங்களில் மிட்டாய் கொடுக்க உத்தரவு வந்தது. சைபருக்கு மிட்டாய் எதற்கு என்று அதே சாயங்காலம் அது ரத்தானது.

சந்தனமாரி மறுபடி வந்தாள். தாலுகா அலுவலகத்தில் அலைந்து வாரிசுச் சான்றிதழ் வாங்கி வந்திருந்தாள். இயக்குநர் அவளை உட்காரச் சொன்னார்.

"என்னம்மா வேணும்?"

"எங்கம்மா பசிய எங்கிட்டக் குடுங்க ஐயா. நான்தான் வாரிசு. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"கூட்டிட்டுப் போய் என்ன பண்ணப் போற?"

"சோறு போடுவேன். கடன ஒடன வாங்கியாவது ஒருநாள் வயிறாரப் போட்டு அனுப்பி வெப்பேன். பெத்த தாய் பசியோட அலையலாமா?"

பேச்சியம்மாளின் பசி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தது. மகளைப் பார்த்ததா, பிள்ளையைப் பார்த்ததா என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு அழுகை வந்தது. ஒரு ஃபைலை எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன்.

"அது அரசாங்கச் சொத்தும்மா" என்றார் இயக்குநர். "வெளியில விட முடியாது. அதுவுமில்லாம அதுக்கு வாய் கிடையாது. ஒண்ணு பண்ணலாம். கருணை அடிப்படையில உனக்கு இங்கயே ஒரு வேலை போட்டுத் தர்றேன்."

வேலை இருந்தது. இயக்குநருக்குச் சர்க்கரை வந்திருந்தது. டாக்டர் சாப்பாட்டைக் குறைக்கச் சொல்லிவிட்டதால் பதினோரு மணிக்கே அவருக்குப் பசித்தது, அவருடைய சைபரில் தடுமாற்றம் தெரிந்தது. புது சைபருக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தோம். சந்தனமாரியின் விலாவில் குழாயை வைத்தேன். முள் சைபரில் போய் நின்றது. காலையிலும் சைபர், மாலையிலும் சைபர். இவ்வளவு அசையாத சைபரை நான் பார்த்ததில்லை.

"அம்மா பக்கத்துலயே இருக்கலாம்லா?" என்று மட்டும் கேட்டாள்.

இருக்கலாம் என்றோம். இரண்டு நாற்காலிகளையும் எதிரெதிராகப் போட்டோம். சைபருக்குப் பசி கிடையாது என்பதால் கஞ்சி ஒதுக்கீடு செய்ய வழியில்லை. பிள்ளைக்கு அட்டையில் இன்னும் பெயர் ஏறவில்லை, ஆகையால் அதற்கும் பசி கிடையாது. சம்பளத்தை அம்மாவின் ஃபைலோடு சேர்த்துப் பார்ப்பதாகத் தலைமை அலுவலகம் சொன்னது. வேலை நேரத்தில் பிள்ளை பேச்சியம்மாளின் பசியினுடைய மடியில் கிடந்தது. அந்த மடியில் கிடக்கும்போது பிள்ளை அழுவதில்லை.

சந்தனமாரியின் சைபர் கடைகளுக்குப் போன பிறகுதான் எங்களுக்கு ஒரு விஷயம் தெரிந்தது. எங்களில் சிலர் சைபருக்குக் கீழே இருந்தோம். இயக்குநர் சைபருக்குக் கொஞ்சம் கீழே. நானும் என் மனைவியும் கொஞ்சம் கீழே. தினமும் சாப்பிடுகிற எல்லோருமே கீழேதான். முள் சைபருக்கு மேலே கொஞ்சம் நகர்ந்தால் கணக்கில் விட்டுவிட வேண்டும், கீழே எவ்வளவு கொஞ்சம் நகர்ந்தாலும் ஒரு முழுக் கோடாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது பழைய விதி. சைபருக்குக்கூட வழியில்லாமல் இத்தனை குடும்பங்கள் இருப்பது அரசாங்கத்துக்கு வருத்தமாக இருந்தது. அவர்களை முதலில் சைபருக்குத் தூக்கிவிட வேண்டும் என்று ஆணை வந்தது. பழைய நூறில் ஒரு கோட்டுக்கு ஒரு கைப்பிடி அரிசி. புது நூறு அவ்வளவு பெரிது என்பதால் ஒரு கோட்டுக்கு ஒரு லாரி.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் குவார்ட்டர்ஸ் சந்துக்குள் லாரி பின்பக்கமாக வந்து நின்றது. நான் வெளியே போய், ஒரு மூட்டையைச் சந்தனமாரி வீட்டில் இறக்கிவிடும்படி டிரைவரிடம் மெதுவாகச் சொன்னேன்.

"சைபருக்கு எதுக்கு சார் அரிசி?" என்றார் அவர். அவர் சொன்னதில் பிழை இல்லை. அந்தச் சைபருக்குச் சான்றிதழ் கொடுத்தவன் நான்தான். வீட்டுக்குள் போய் மனைவியிடம் ஹாலைக் காலி செய்யச் சொன்னேன்.

லோடுமேன்கள் எல்லோரும் சைபராக இருந்தார்கள். முதல் மூட்டையைத் தூக்கியதுமே நடுச்சந்தில் உட்கார்ந்துவிட்டார்கள். அதனால் நிலையத்துக்குப் போன் போட்டு, பேச்சியம்மாளின் பசியை ஓ.டி.யில் வரவழைத்தார்கள். அது நடந்தே வந்தது. சேலை முந்தானையைச் சும்மாடு கட்டித் தலையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மூட்டையாகச் சுமந்து எங்கள் ஹாலில் அடுக்க ஆரம்பித்தது.

"பாத்து இறக்கு, ஒரு மணிகூடச் சிந்தப்படாது" என்றாள் என் மனைவி.

அது ஒரு மணிகூடச் சிந்தவில்லை.